ஹைலைட் வீடியோ, தகுதி மையம், ரெக்ரூட்டிங் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதுகிற அமெரிக்க ஆட்டம். அமெரிக்க ஹைஸ்கூல்களில் இதை ஆடுகிறவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். அவர்களில் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் உள்ள கல்லூரி ஏதாவது ஒன்றில் ஆடப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர், அதன் மேல்மட்டமான டிவிஷன் 1 வரை போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். மிச்சப்பேரின் பெற்றோருக்கு இருக்கும் பதற்றத்தை நம்பி ஒரு சந்தையே கடை விரித்திருக்கிறது: வீடியோத் தளம், தகுதிப் பதிவு, நட்சத்திர மதிப்பீடு, கேம்ப், 'கோச்சுகளிடம் உங்கள் பையனை நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்' என்று தவணை முறையில் விற்கிற பேக்கேஜ். இந்தச் சந்தையில் விலை ஏற ஏறப் பயன் குறைகிறது.

முதலில் ஹடில் என்ற வீடியோத் தளம். 2006-ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் தொடங்கிய நிறுவனம். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிதான் முதல் வாடிக்கையாளர். சந்தாவைப் பள்ளி அணி கட்டுகிறது, அணியில் இருக்கும் பையனுக்குத் தனிப் பக்கமும் ஹைலைட் தயாரிக்கும் வசதியும் அதோடு வந்துவிடுகின்றன. வெள்ளி இரவு ஆட்டம் முடிந்ததும் பள்ளிக் கோச் பதிவை ஏற்றுவார். பெரும்பாலும் இரண்டு கோணம் இருக்கும்: மேலிருந்து முழு மைதானமும் தெரிகிற பக்கவாட்டுப் பதிவு, கோல்கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தது. ஒவ்வொரு பிளேயும் (பந்து நகரத் தொடங்கி நிற்கும் வரையிலான ஒரு சுற்று) தனித்தனித் துண்டாகக் கிடக்கும். பையன் தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, முன்பின் வெட்டி, வரிசைப்படுத்தி வெளியிட வேண்டியதுதான். அரை நாள் வேலை. இதை 'ப்ரொஃபஷனலாக' செய்து தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். பார்க்கிற கல்லூரி உதவிக் கோச்சுக்கு நெருப்பு எழுத்தில் பெயர் தோன்றி மறைவது தேவையில்லை.

அவருக்கு வேண்டியது வேறு. ஒரே உட்காரலில் பல பையன்களின் வீடியோவைப் பார்ப்பவர் அவர். முதல் ஐந்தாறு பிளேயில் கண் நிற்கவில்லை என்றால் அடுத்த பையனுக்குப் போய்விடுவார். ஆகவே சீசன் நடந்த தேதி வரிசையில் அடுக்குவதுதான் பெரிய தப்பு. ஆகச் சிறந்த பிளே முதலில் வரவேண்டும், ஆட்டம் எதுவாக இருந்தாலும் சரி. மொத்தம் மூன்று, மிஞ்சினால் நான்கு நிமிடம். இருபது இருபத்தைந்து பிளே. பந்தைப் பின்னால் கொடுத்துப் பிளேயைத் தொடங்கும் ஸ்னாப்புக்கு ஒரு நொடி முன்னால் படத்தை நிறுத்தி, பையன் மேல் வட்டமோ அம்புக்குறியோ போட ஹடிலிலேயே வசதி உண்டு. இதைப் போடாத வீடியோக்கள் ஏராளம். இருபத்திரண்டு பேர் நிற்கிற மைதானத்தில் 64-ஆம் எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கக் கோச்சுக்குப் பொறுமை கிடையாது. ஸ்லோ மோஷன் கூடவே கூடாது. அவர் பார்க்க வருவதே வேகத்தைத்தான். பாட்டைப் பலரும் அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள், கெட்ட வார்த்தைப் பாட்டு மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். புள்ளி எடுக்கிற டச்டவுன் ஓட்டத்தில் துரத்துகிறவர்களை விட்டு விலகிப் போகிறான் என்றால் கடைசிவரை வைக்கலாம். பின்னால் ஆளே இல்லாமல் முப்பது கெஜம் ஓடுகிறான் என்றால் வெட்டிவிடுங்கள்.

எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதைப் பொறுத்து வீடியோவும் மாறவேண்டும். அஃபென்சிவ் லைன்மேனுக்கு (தன் அணியிடம் பந்து இருக்கையில் எதிரணியை முட்டித் தடுக்கிறவன்) பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறக்கும் தடுப்பு மட்டும் போட்டால் பாதிதான் தெரியும். பாஸ் பாதுகாப்பில் பின்வாங்கும்போது கால் எப்படி நகர்கிறது, கை எங்கே விழுகிறது, விசில் வரை விடாமல் தள்ளுகிறானா என்பதையும் காட்ட வேண்டும். கோல்கம்பப் பதிவு இவர்களுக்குத்தான் மிக முக்கியம், பக்கவாட்டில் எடுத்ததில் கை தெரியாது. டிஃபென்சிவ் பேக் (எதிரணி எறியும் பந்தைத் தடுக்கிற பின்வரிசைக்காரன்) என்றால் பந்தைப் பறித்த இன்டர்செப்ஷன் நான்கை மட்டும் கோத்துக் கொடுப்பது வழக்கம். கோச் பார்ப்பது அதையல்ல. பின்னோட்டத்திலிருந்து இடுப்பைத் திருப்பி ஓடும் அந்த ஒரு கணமும், திறந்த வெளியில் தனியாக ஒருவனைப் பிடித்து வீழ்த்துவதும்தான் அவருக்குக் கேள்வி.

பந்தை எறிகிற குவாட்டர்பேக்குக்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஹைஸ்கூல் மைதானத்தில், பிளே தொடங்கும் இடத்துக்கு எல்லை போடுகிற இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 53 அடி 4 அங்குலம், கல்லூரியில் 40 அடி. மைதானத்தின் அகலம் இரண்டிலும் ஒன்றுதான், 160 அடி. ஆகவே ஹைஸ்கூலில் ஒரு ஓரத்து ஹாஷிலிருந்து எதிர் ஓரத்துக்குப் பந்து எறிவது கல்லூரியில் எறிவதைவிட நீண்ட எறி. இடது ஹாஷில் நின்று வலது எல்லைக்கோட்டு ஓரத்துக்கு, பந்து வளையாமல் தட்டையாகப் போகிற எறி ஒன்று கையில் இருந்தால் அறுபது கெஜ வாணவேடிக்கைக்கு முன்னால் அதைப் போடுங்கள். கையின் பலத்தை அந்த ஒரு பிளே சொல்லிவிடும்.

பக்கத்தில் இருக்க வேண்டிய விவரங்களிலும் கோட்டை விடுகிறார்கள். பட்டம் பெறும் ஆண்டு, உயரம், எடை, ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி), பள்ளிக் கோச்சின் போன் எண், பையனின் ஜெர்சி எண் எல்லாம் இருக்கவேண்டும். சீசன் நடுவில் ஜெர்சி எண் மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போடுவது நோய் மாதிரி பரவியிருக்கிறது. கல்லூரி நடத்தும் ஜூன் பயிற்சி கேம்பில் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிறுத்தி அளக்கும்போது அது வெளியே வரும். உயரத்தில் பொய் சொன்னவன் 40 கெஜ ஓட்டத்திலும் சொல்லியிருப்பான் என்றுதான் கோச் நினைப்பார்.

ஹடிலில் குறை இல்லாமலில்லை. 'இத்தனை பேர் பார்த்தார்கள்' என்ற எண்ணிக்கையை வைத்து வீடே கொண்டாடும். அதில் முக்கால்வாசி வகுப்புத் தோழர்களும் சித்தப்பா பெரியப்பாவுமாகத்தான் இருப்பார்கள். பார்த்தது கல்லூரிக் கோச்சா என்பது அந்த எண்ணில் தெரியாது. முழு ஆட்டப் பதிவு பள்ளி அணியின் கணக்கில் இருப்பதால், பையன் பள்ளி மாறினாலோ பழைய கோச் போய்விட்டாலோ பதிவு கைக்கு எட்டாமல் போக வாய்ப்புண்டு. ஹைலைட் பிடித்துப்போன கோச் அடுத்துக் கேட்பது முழு ஆட்டம். சீசனிலேயே பலமான எதிரணியோடு ஆடிய ஒன்றை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருங்கள். ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இரண்டாவது, என்.சி.ஏ.ஏ. தகுதி மையம். இதைக் கல்லூரி அணிக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டிங் சேவையாக யாரும் பார்ப்பதில்லை. ஆனால் சேர்ந்த பிறகு பையன் மைதானத்தில் இறங்குவானா என்று முடிவுசெய்வது இதுதான். இலவசக் கணக்கும் உண்டு, கட்டணக் கணக்கும் உண்டு. டிவிஷன் 1, டிவிஷன் 2-இல் ஆடச் சேர்பவர்களுக்குக் கட்டணக் கணக்கு கட்டாயம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு இருக்கிறது, அதைப் பள்ளி கவுன்சலர்தான் உறுதிசெய்ய வேண்டும். 9, 10-ஆம் வகுப்பில் இலவசக் கணக்கு திறந்தாலே போதும். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கு இதுதான். டிவிஷன் 1-க்கு 16 கோர் (அடிப்படை) பாடங்கள்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, அல்ஜீப்ரா 1-உம் அதற்கு மேலுமாகக் கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, இந்த ஆங்கிலம்-கணிதம்-அறிவியலில் கூடுதலாக ஒன்று, மிச்சம் நான்கு இவற்றிலோ வேற்றுமொழி போன்றவற்றிலோ. 16-இல் 10 பாடங்கள் 12-ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். பலர் கவிழ்வது இங்கேதான். அந்தப் பத்தின் மதிப்பெண்கள் அதோடு பூட்டப்பட்டுவிடும், கடைசி ஆண்டில் திரும்பப் படித்து உயர்த்த முடியாது. கோர் ஜி.பி.ஏ. 2.3 வேண்டும், டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணை 2023 ஜனவரியோடு தகுதி விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் கல்லூரியின் அட்மிஷன் அலுவலகம் தனியே கேட்கலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பள்ளி மதிப்பெண் தாளில் இருக்கும் ஜி.பி.ஏ. வேறு, கோர் ஜி.பி.ஏ. வேறு. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். உடற்பயிற்சி, கார் ஓட்டும் வகுப்பு, எடைதூக்கும் வகுப்பு எதுவும் இதில் சேராது. பிளஸ், மைனஸும் கிடையாது: பி பிளஸ் வாங்கினாலும் பி மைனஸ் வாங்கினாலும் 3 தான். பள்ளிக் கணக்கில் 2.7 காட்டுகிறவன் இங்கே 2.2-க்கு இறங்குவது அதிசயமில்லை. உங்கள் பள்ளியின் எந்தெந்தப் பாடத்தை என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொள்கிறது என்ற பட்டியல் தகுதி மையத் தளத்திலேயே இருக்கிறது. பள்ளியின் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டுத் தேடலாம். 9-ஆம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை எடுத்து வைத்துக்கொண்டு கவுன்சலரோடு உட்காருங்கள். தவறிய பாடத்தை அவசரமாக ஆன்லைனில் முடிக்கிற 'கிரெடிட் ரிகவரி' வகுப்புகள் மறுபரிசீலனைக்குப் போகும், எல்லாமே எண்ணப்படும் என்று நம்பக்கூடாது. 16 பாடங்களும் இருந்து கோர் ஜி.பி.ஏ. 2.0-க்கும் 2.3-க்கும் நடுவில் நின்றால் முழுக்க இழப்பில்லை. உதவித்தொகை வாங்கலாம், முதல் பருவம் பயிற்சி செய்யலாம், முதல் ஆண்டு ஆட்டத்தில் இறங்க முடியாது. 12-ஆம் வகுப்பின் ஏப்ரல் 1 முதல் அமெச்சூர் நிலை (விளையாட்டைத் தொழிலாகச் செய்யாதவர்) இறுதிச் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம். அதை மறந்தவர்கள் ஆகஸ்ட்டில் கல்லூரி அலுவலகத்தில் அலைவார்கள். தளம் பார்க்கப் பழைய அரசாங்க அலுவலகம் போல்தான் இருக்கும், ஆனாலும் காசுக்கு நூறு சதவீதம் பெறுமானம்.

இனி பேக்கேஜ் சேவைகள். பெயர் சொல்லத் தேவையில்லை, நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். இலவசமாகப் பதிவு செய்யச் சொல்வார்கள். விலை தளத்தில் இருக்காது. பெற்றோர் இருவரும் லைனில் இருக்க வேண்டும் என்று நேரம் குறித்துப் போன் வரும். பையனின் வீடியோவைப் புகழ்வார்கள், 'இப்போதே தாமதம்' என்பார்கள், கடைசியில் மூன்று விலை சொல்வார்கள். ஆயிரத்தில் தொடங்கிப் பல ஆயிரம் டாலர் வரை போகும். கிடைப்பது என்னவென்றால் ஒரு ப்ரொஃபைல் பக்கம், கோச்சுகளின் மின்னஞ்சல் பட்டியல், மின்னஞ்சல் மாதிரிகள், அவ்வப்போது ஒரு ஆலோசகரோடு போன். கோச்சுகளின் முகவரி எல்லாக் கல்லூரி விளையாட்டுத் தளத்திலும் 'ஸ்டாஃப் டைரக்டரி' பக்கத்தில் சும்மா கிடக்கிறது. மாதிரி எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஒரே சேவையிலிருந்து ஒரே அச்சில் வந்து குவியும் மின்னஞ்சலைக் கோச் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் நேரமே இல்லை, பள்ளிக் கோச் எதற்கும் உதவமாட்டேன் என்கிறார், அப்படிப்பட்டவர்களுக்கு ஒழுங்குபடுத்தித் தரும் பயன் கொஞ்சம் உண்டு. அதற்கும் அடிமட்டப் பேக்கேஜ் போதும். கையெழுத்துப் போடும் முன் பணம் திரும்பத் தரும் விதியை எழுத்தில் கேளுங்கள்.

அந்தக் காசு செய்யாத வேலையைச் செய்வது பையனே எழுதும் மின்னஞ்சல். தலைப்பு வரியிலேயே விஷயம் இருக்க வேண்டும்: '2027, லெஃப்ட் டாக்கிள், 6 அடி 4, 275 பவுண்டு, ஜி.பி.ஏ. 3.6, பள்ளி, மாநிலம்'. உள்ளே ஐந்து வரி: யார், ஏன் இந்தக் கல்லூரி (படிக்க விரும்பும் துறை உட்பட), ஹடில் இணைப்பு, மதிப்பெண் தாள், பள்ளிக் கோச்சின் எண். தலைமைக் கோச்சுக்கு அனுப்பிப் பயனில்லை. அந்தப் பொசிஷனின் கோச்சுக்கும், உங்கள் வட்டாரத்தைப் பார்க்கும் ரெக்ரூட்டிங் கோச்சுக்கும் அனுப்புங்கள். அப்பா எழுதினால் உடனே தெரிந்துவிடும், பையனே எழுதட்டும். பையன் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் 10-ஆம் வகுப்பு முடியும் முன்னால் டிவிஷன் 1 கோச் தனிப்பட்ட முறையில் பதில் எழுத முடியாது. 10-ஆம் வகுப்பில் பதில் வரவில்லை என்று மனம் உடையத் தேவையில்லை.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் ஆடும் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனின் கதை தெரிந்ததுதான். கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூர்ப் பையன், ஹைஸ்கூல் முடிக்கையில் டிவிஷன் 1 உதவித்தொகை ஆஃபர் ஒன்றும் இல்லை. ரீட்லி என்ற இரண்டாண்டு ஜூனியர் காலேஜில் ஒரு சீசன் ஆடிவிட்டுக் கல்லூரிக் கோச்சுகளுக்கு வரிசையாக மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் கையில் மிஞ்சியது வயோமிங் பல்கலைக்கழகம். 2018-ல், என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஏழாவது ஆளாகப் போனார். எல்லோருக்கும் இது நடக்காது, ஆனால் அவர் அனுப்பிய மின்னஞ்சலுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

ஹைஸ்கூல் ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திரம் போடும் மதிப்பீட்டுத் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் போன்றவை ரசிகர்களின் சந்தாவில் ஓடுகின்றன. 247-இல் ஐந்து நட்சத்திரம் ஒரு ஆண்டில் ஏறக்குறைய 32 பேருக்குத்தான், என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் 32 பேர் தேர்வாவதை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் பையன் அந்தப் பட்டியலில் இருந்தால் இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள், வாசலில் கோச் நின்றிருப்பார்.

கேம்ப் விஷயத்தில் ஒரு விதி தெரிந்தால் பாதிக் காசு மிச்சம். கல்லூரி நடத்தும் கேம்ப் என்.சி.ஏ.ஏ. விதிப்படி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். வயது, வகுப்பு, எண்ணிக்கை போன்ற வரம்புதான் வைக்கலாம். அதற்கான அழைப்பை எந்த வயதுப் பையனுக்கும் அனுப்பலாம். ஆகவே லோகோ போட்டு 'உன்னை எதிர்பார்க்கிறோம்' என்று வருவது விளம்பரத் தாள்தான். நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீட்டில் போல் சான்றிதழ் கோப்பை எடுத்துக்கொண்டு போனால் இங்கே எவரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். கண் முன்னால் ஓடிக் காட்ட வேண்டும். பொசிஷன் கோச் பையனின் பெயர் சொல்லி, அவன் வீடியோவில் ஒரு பிளேயைக் குறிப்பிட்டு அழைத்தால் போங்கள். இல்லையென்றால் ஜூனில் ஒரே இடத்தில் பல கல்லூரிக் கோச்சுகள் வேலை செய்யும் மெகா கேம்ப் ஒன்றிரண்டு போதும். அங்கே லேசரில் அளந்த 40 கெஜ நேரத்தை எழுதி வாங்குங்கள். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கு வரை குறைத்துக் காட்டும் என்பது எல்லாக் கோச்சுக்கும் தெரியும்.

படிப்பில் கெட்டிக்காரப் பையனென்றால் இன்னொரு வழி இருக்கிறது, நம்மவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. ஹார்வர்ட், யேல் போன்றவை சேர்ந்த ஐவி லீக்கிலும், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை ஆடும் டிவிஷன் 3-இலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஆனால் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற இடங்களில் கோச் விரும்பும் பையனின் மதிப்பெண் தாளை 12-ஆம் வகுப்புக்கு முந்தைய கோடையில் அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி முன்கூட்டியே பார்க்கச் சொல்வார். இதை 'ப்ரீ-ரீட்' என்பார்கள். அலுவலகம் தலையசைத்தால் விண்ணப்பத்துக்கு அது பெரிய பலம். பணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்து வரும். எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கல்லூரித் தளத்தின் 'நெட் ப்ரைஸ் கால்குலேட்டரில்' போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கோச்சோடு பேசுங்கள்.

மேல்மட்டத்தில் இப்போது நெருக்கடி அதிகம். 2025 ஜூனில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கு உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் 85 உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், மொத்த அணியே 105 பேர் என்று ஆகிவிட்டது. சொந்தக் காசில் படித்துக்கொண்டு அணியில் ஒட்டிக்கொள்ளும் 'வாக்-ஆன்' பையன்களுக்கு இடம் சுருங்கியது. வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் பெயர் பதிகிற, 2018-ல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடித் தசை முறுகிய ஆள் கிடைக்கும்போது பதினெட்டு வயதுப் பையனுக்குக் கோச் ஏன் காத்திருப்பார்? ஆகவே இரண்டு படி கீழே உள்ள கல்லூரிகளுக்கும் சேர்த்தே எழுதுங்கள்.

வாய்மொழி ஆஃபர் வந்தால் அன்றைக்கே சமூக ஊடகத்தில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு இரு பக்கமும் சட்டக் கட்டு எதுவுமில்லை. 2024 அக்டோபரில் 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற பழைய சேர்க்கை ஒப்பந்தம் ஒழிந்தது. இப்போது கட்டுப்படுத்துவது டிசம்பரில் கையெழுத்தாகும் நிதியுதவி ஒப்பந்தம்தான். அதற்கு முன்பு பையன் கோச்சிடம் போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: 'இன்றைக்கே நான் வருகிறேன் என்று சொன்னால், கோச், நீங்கள் என்னை எடுத்துக்கொள்வீர்களா?' எடுத்துக்கொள்கிறேன் என்று நேராகச் சொன்னால் அது ஆஃபர். 'முதலில் கேம்பில் பார்ப்போம்', 'சீனியர் (12-ஆம் வகுப்பு) வீடியோ வரட்டும்' என்று இழுத்தால் உங்கள் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அடுத்த மின்னஞ்சலை அனுப்புங்கள்.